வலது ஓரக் கோடு

அந்த ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் இருந்தது. அவளுக்கு வேர்க்காரி. கடுகில் கால்வாசிகூட இல்லாத விதையை முளைக்க வைத்து, அதிலிருந்து வரும் மயிரிழை வேரைச் சாயத்தில் முக்கி, கண்ணாடித் துண்டில் கிடத்தி, உள்ளே ஓடும் கோடுகளை எண்ணுவது அவள் பிழைப்பு. வெளியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "செடிக்கு டாக்டர்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். விளக்கப் போனால் கேட்டவர் கொட்டாவி விடுவார்.

நமக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். கோடுகள் என்பவை வேருக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள். சாயம் பிடித்ததும் இடது ஓரத்தில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றுமாகச் சிவப்பாகத் தெரியும். அவை தானாக முளைத்துவிடுவதில்லை. ஆக்ஸின் என்றொரு ஹார்மோன் செல்லிடம் 'நீ குழாய் ஆகு' என்கிறது. சைட்டோகைனின் என்ற இன்னொன்று பக்கத்தில் நின்றுகொண்டு 'ஆகாதே' என்கிறது. நடுவில் மாட்டிய செல்லுக்குச் சொந்த புத்தி கிடையாது. யார் குரல் ஓங்குகிறதோ அதன்படி நடக்கும். சைட்டோகைனின் கூடிவிட்டால் கோடு நடுவில் அறுந்து போகும். எங்கே அறுகிறது, எத்தனை வேரில் அறுகிறது, இதைத்தான் வேர்க்காரி வருடக்கணக்காக எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். மைக்ரோஸ்கோப்பின் இடது குழாயில் கேமராவைப் பொருத்தியிருந்ததால் எல்லாருமே வலது கண்ணால்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஊசிமுனை போல ஒரு கறுப்புக் குறி தெரியும். பார்வையை அந்தக் குறியில் நட்டுவிட வேண்டும். கண்ணாடித் துண்டு நகரலாம், கண் நகரக் கூடாது. ஒரு வேருக்கு ஒரே பார்வை. இடது முழுசா, வலது முழுசா, அடுத்த வேர். இரண்டாவது தடவை பார்த்தால் மனசு தனக்கு வேண்டியதைப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பது ஆய்வுக்கூடத்தின் தலைவி மேடம் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். அதுவே வேர்க்காரிக்கு எமனாக வரும் என்று யார் கண்டார்கள்?

வேர்க்காரிக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் இருந்தது. பல்லிக்குப் பயப்பட மாட்டாள், மேடத்துக்குப் பயப்பட மாட்டாள். கண் போய்விடும் என்று பயந்தாள். அப்பா வழியில் வந்த சொத்து, அவளுக்கும் அக்காவுக்கும் சோடாப்புட்டிக் கண்ணாடி. அக்காவுக்கு இடது கண் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. உள்ளே விழித்திரை உரிந்துவிட்டது. "ராத்திரி நல்லாப் படுத்தேன், காலைல எந்திரிச்சா ஒரு பக்கம் இல்ல. ஒரே ராத்திரி. யார் என்ன பண்ண முடியும்?" என்று அக்கா எல்லாரிடமும் சொல்வாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்வது அக்காவின் வேலை. அதனால் சொந்தக் கண் போன கதையையும் மூன்றாம் நடைமேடைப் பேருந்து தாமதம் என்பது போலத்தான் சொல்வாள்.

தெருவில் நடக்கும்போது வேர்க்காரி எப்போதும் அக்காவுக்கு இடப்பக்கம் நடப்பாள். "அந்தப் பக்கம் எனக்கு உலகம் கிடையாது. லாரி வந்தா முதல்ல உன்மேல ஏறட்டும்" என்று அக்கா சிரிப்பாள். அவளும் சிரிப்பாள். உனக்கும் அதே கண் அமைப்பு, வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போ என்று அக்காவுக்குப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். போன வருடம் போனாள். இந்த வருடம் ஆய்வுக் கட்டுரை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

முதலில் வந்தது மின்னல். செடி வளர்க்கும் அறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வலது ஓரத்தில் பளிச் பளிச்சென்று ஏதோ வெட்டியது. அண்ணாந்து பார்த்தாள். வரிசையாக டியூப் லைட்டுகள். ஒன்று கெட்டுப்போய்ச் சிமிட்டுகிறது என்று முடிவு செய்து எலெக்ட்ரீஷியனை அழைத்தாள். அவர் ஏணி போட்டு ஏறி, எல்லாம் சரியாகத்தான் எரிகிறது என்றார். அவள் விடவில்லை. தொல்லை தாங்காமல் இரண்டு விளக்கை மாற்றிவிட்டுப் போனார்.

பிறகு தூசி. மைக்ரோஸ்கோப்புக்குள் கொசு மாதிரி கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. லென்ஸைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த பிறகும் மிதந்தன. மறுபடி துடைத்தாள். லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாள் ஒரு கட்டு தீர்ந்தது.

அதற்கடுத்து வந்தது சந்தோஷம். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சைட்டோகைனின் ஊட்டிய வேர்களில் கோடுகள் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு அறுந்திருந்தன. கட்டுரைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. மேடம் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு வேர்க்காரி வீட்டுக்குப் போகும்போது வாசற்கதவின் வலது நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை என்று அக்கா கேலி செய்தாள்.

அந்தச் சந்தோஷம் கன்ட்ரோல் தட்டுகளைப் பார்க்கும் வரைக்கும்தான். கன்ட்ரோல் என்றால் எந்த ஹார்மோனும் போடாமல் வெறும் அகார் ஜெல்லியில் வளர்த்த செடிகள். அவற்றில் இரண்டு கோடும் முழுசாக இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும். அவள் குறியில் பார்வையை நட்டாள். இடது முழுசு. வலது மேலிருந்து வந்து, நடுவில் காணாமல் போய், கீழே திரும்பவும் வந்தது. அடுத்த வேர். இடது முழுசு, வலது அறுந்திருந்தது. அடுத்ததும் அப்படியே.

சட்டத்தை மீறி, குறியை விட்டுக் கண்ணை நகர்த்தி அறுந்த இடத்தையே நேராகப் பார்த்தாள். கோடு ஒட்டிக்கொண்டது. திரும்பக் குறியைப் பார்த்தாள். அறுந்தது. கேமராப் படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தாள். அறுந்த சுவடே இல்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பாள். வேர்க்காரி படித்தவள், அதனால் காரணம் கண்டுபிடித்தாள். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் தெரியாது, கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தால்தான் தெரியும். இதுவும் அப்படித்தான், அவ்வளவு நுணுக்கமான அறுப்பு, கேமராவுக்குக்கூடச் சிக்காதது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லா அறுப்பும் ஏன் வலது கோட்டிலேயே? வேரின் ஒரு பக்கம் அகாரில் படிந்து கிடக்கிறது, அதனால். ஆனால் வேரைக் கண்ணாடியில் கிடத்தும்போது அது எந்தப் பக்கமாகப் புரண்டு படுக்கும் என்று கிடத்துகிறவளுக்கே தெரியாது. ஆக அந்தக் காரணம் வெறும் சப்பைக்கட்டு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்தாள், கண்ணைத் தவிர வேறு எது கெட்டிருந்தாலும் சரி என்கிற பயத்தில்.

ஒரே ஒரு காரியத்தை அவள் செய்யவில்லை. இடது கையைத் தூக்கி இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு நொடி போதும். இரண்டு தடவை கை தூக்கினாள், இரண்டு தடவையும் தலைமுடியைக் கோதிவிட்டுக் கீழே போட்டாள். அப்புறம் ஒரு ஆறுதல் இருந்தது. அக்காவுக்கு ஒரே ராத்திரியில் போயிற்று. அந்த நோய் வந்தால் அப்படித்தான் வரும், கதவைச் சாத்தினது போல. இப்படிப் பொடிப்பொடியாக வராது. தனக்கு வந்திருப்பது அது இல்லை.

அப்படியானால் சைட்டோகைனின் எல்லாத் தட்டிலும் கலந்திருக்கிறது. கலந்தது யார்?

செடிக்கு உணவு காய்ச்சுகிறவரை எல்லாரும் ஜெல்லி அண்ணன் என்பார்கள். அகார் தூளையும் உப்புகளையும் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற பெரிய குக்கரில் வேகவைத்து, ஆறும் பக்குவம் பார்த்து, தட்டு தட்டாக ஊற்றுவார். ஹார்மோன் போடுவதற்கு ஒரு மேஜை, போடாததற்கு அறையின் மறுகோடியில் ஒரு மேஜை. ஒரு மேஜையிலிருந்து மற்றதற்குப் போனால் கையுறையை மாற்றுவார். தேவையே இல்லாமல் மேல்சட்டையையும் மாற்றுவார் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"அண்ணே, கன்ட்ரோல்ல ஹார்மோன் கலந்திருக்கு" என்றாள் அவரிடம் போய்.

அவர் கையிலிருந்த குடுவையை மெதுவாகக் கீழே வைத்தார். "என் கை சுத்தமில்லைன்னு சொல்றீங்களாம்மா?"

"கையைச் சொல்லல. தண்ணியோ, பாட்டிலோ, ஏதோ ஒண்ணு. போடாத தட்டுலயும் கோடு அறுந்திருக்கு."

"போடாததுக்குன்னு தனி கரண்டிகூட வச்சிருக்கேன். உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும்ணே. வேருக்குத் தெரியலையே" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அது ஆடத் தெரியாதவள் கதை. இவள் நன்றாக ஆடத் தெரிந்தவள். அவள் கூடம் கோணல் என்று சொன்னால் ஊரே கூடத்தைத்தான் இடிக்கும். மேடம் காதுக்கு விஷயம் போனது. காய்ச்சி வைத்ததையெல்லாம் கொட்டச் சொன்னார். காரணம் தெரியும் வரை ஜெல்லி அண்ணன் பாத்திரம் கழுவட்டும், உணவில் கை வைக்க வேண்டாம் என்றார்.

சாயங்காலம் ஜெல்லி அண்ணன் மைக்ரோஸ்கோப் அறை வாசலில் வந்து நின்றார். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "எங்க அறுந்திருக்குன்னு ஒரு தடவை காட்டுங்கம்மா. என்ன தப்புப் பண்ணேன்னு நானும் பாத்துக்கிறேன்" என்றார்.

அவள் எழுந்து இடம் கொடுத்தாள். "நடுவுல ஒரு குறி தெரியும். அதைப் பாத்துட்டே இருங்க. வலது பக்கக் கோடு மேல இருந்து வந்து, காணாமப் போயி, திரும்ப வரும்."

அவர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இல்லை என்று அவர் சொன்னால் அப்புறம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு காரணம்.

"ஆமாம்மா" என்றார் கடைசியில், குனிந்தபடியே. "இருக்கு. லேசா இருக்கு."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அவருக்கும் தெரிகிறது, ஆகவே கோடு நிஜமாகவே அறுந்திருக்கிறது, ஆகவே தன் கண்ணில் ஒன்றுமில்லை. ஒரு மனிதன் தலையில் பழி உறுதியானதைப் பார்த்து மனசார நிம்மதி அடைந்தாள். அதற்காக அவளைத் திட்டலாம். ஆனால் அந்த அளவுக்குப் பயந்தவர்களுக்கு அடுத்தவர் முகம் தெரியாது. அவர் கழுவுமிடத்துக்குத் திரும்பிப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

புதுத் தண்ணீர், புதுப் பாட்டில், புது அகார் வந்தன. அவளே காய்ச்சி, அவளே ஊற்றி, விதை போட்டு, வேர் வரும்வரை காத்திருந்தாள். அந்த நாட்களில் மைக்ரோஸ்கோப்பில் வலது ஓரம் இருட்டிக்கொண்டே வந்தது. பல்பு மங்குகிறது என்று பல்பை மாற்றினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் நிஜமான இருட்டைப் பார்த்துவிட்டு பல்பு என்றாள்.

இதற்கிடையில் ஒரு நாள் காலை, அக்காவோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல அக்காவுக்கு இடப்பக்கம். அக்கா ஏதோ மேலதிகாரியைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள், நடுவில் பேச்சு நின்றது. வேர்க்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை. அக்கா பின்தங்கிவிட்டாள், வண்டி ஏதாவது தட்டிவிட்டதா என்று சட்டெனத் திரும்பினாள். அக்கா அவள் தோளை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள், பையில் சில்லறை தேடிக்கொண்டு.

"என்னடி சின்னவளே, பேயைப் பாத்த மாதிரி பாக்குற?"

"ஒண்ணுமில்லக்கா. நீ பின்னாடி வர்றேன்னு நினைச்சேன்."

அக்கா ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். பேருந்து வந்துவிட்டது.

புதுத் தட்டிலும் வலது கோடு அறுந்திருந்தது. முன்பைவிடப் பெரிதாக. இப்போது நேராகப் பார்த்தாலும் முழுசாக ஒட்டவில்லை, தண்ணீருக்குள் தெரியும் குச்சி போல நெளிந்தது. மேடத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். மேடம் வெளியூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். "அறுந்த இடத்துக்குப் பக்கத்துல கண்ணாடி மேல மெல்லிசா ஒரு புள்ளி வச்சு வை. நாளைக்கு வந்து பெரிய மைக்ரோஸ்கோப்ல நானே பாக்கறேன்" என்றார்.

ஊசிமுனை மார்க்கரை எடுத்தாள். முதல் கண்ணாடித் துண்டு. வலது கோடு அறுந்த இடத்தை ஒட்டி, வலப்பக்கத்தில் ஒரு புள்ளி. வைத்தாளே தவிர மை காய்ந்ததா என்று சந்தேகம். துண்டை எடுத்து ஊதிவிட்டுத் திரும்ப வைத்தாள். அவசரத்தில் தலைகால் மாற்றி வைத்துவிட்டாள். குனிந்து குறியைப் பார்த்தாள்.

புள்ளி இப்போது இடப்பக்கம் இருந்தது. புள்ளிக்குப் பக்கத்துக் கோடு மேலிருந்து கீழ்வரை முழுசாக, சிவப்பாக, ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சற்றுமுன் முழுசாக இருந்த மறு கோடு வலப்பக்கம் வந்திருந்தது. அது அறுந்திருந்தது.

அவள் துண்டைத் திருப்பி வைத்தாள். புள்ளி வலப்பக்கம் போனது. அறுப்பு வலப்பக்கமே நின்றது. மறுபடி திருப்பினாள். வேர் திரும்பியது, புள்ளி திரும்பியது. அறுப்பு மட்டும் திரும்பவில்லை. அது வேரில் இல்லை.

அறையில் மாற்றிய புதுப் பல்பும் துடைத்த லென்ஸும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. இடது கையைத் தூக்கி, இந்தத் தடவை தலைமுடியைக் கோதாமல், இடது கண்ணை மூடினாள். எதிரே கதவு இருந்தது. அதன் வலது நிலை பாதியில் வளைந்து, ஒரு சாம்பல் நிறத் திரைக்குப் பின்னால் போய் மறைந்தது. திரை அசைந்தது. காற்றில்லாத அறையில் அசைந்தது.

கழுவுமிடத்தில் ஜெல்லி அண்ணன் குடுவைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்துக் குழாயை மூடினார்.

"அண்ணே, அன்னைக்கு உங்களுக்கு நிஜமா தெரிஞ்சுதா? அந்த அறுப்பு?"

அவர் கவிழ்த்த குடுவையை மறுபடி நிமிர்த்தி வைத்தார்.

"சொல்லுங்கண்ணே. கோவிச்சுக்க மாட்டேன்."

"நீங்க இருக்குன்னு சொன்னீங்கம்மா. உத்துப் பாத்தேன். பாக்கப் பாக்க இருக்குற மாதிரிதான் இருந்துச்சு." துண்டில் கையைத் துடைத்தார். "இல்லைன்னு சொன்னா, செஞ்ச தப்பையும் மறைக்கிறான்னு நினைப்பீங்க. அதான் இருக்குன்னுட்டேன்."

அவர்மேல் கோபம் வர நியாயமில்லை. வரவும் இல்லை. "உங்க தப்பு எதுவும் இல்லண்ணே. மேடத்துகிட்ட நான் சொல்லிடறேன். என் கண்ணுதான்" என்றாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் வெளியில் வந்துவிட்டது அவளுக்கு உறைத்தது. அவர் ஒன்றும் கேட்காமல் அவளை வெளியே கூட்டிப்போய், ஒரு வண்டியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். மருத்துவமனைக்கா என்றார். முதலில் அக்காவிடம் என்றாள்.

பேருந்து நிலையத்தில் அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் நிலையமெங்கும் நிதானமாக ஒலித்துக்கொண்டிருந்தது. வேர்க்காரி கூட்டத்துக்கு நடுவில் கூண்டின் முன் நின்றாள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அக்காவின் முகம் பாதிதான் இருந்தது.

அக்கா நிமிர்ந்தாள். தங்கை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பதைக் கண்டாள். "ஆறாம் நடைமேடையிலிருந்து புறப்படும் பேருந்து" என்ற குரல் அதோடு நின்றது. அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அது பாதியில் நின்றதில்லை. மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் அக்கா மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது, பிறகு நாற்காலி விழும் சத்தம்.

கண் மருத்துவர் இளவயதுப் பெண். சொட்டு மருந்து விட்டு, விளக்கை அடித்து, வெகுநேரம் பார்த்தார். அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று தங்கையின் தோளைப் பிடித்திருந்தாள். ஜெல்லி அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"விழித்திரை கிழிஞ்சு ஓரத்துல இருந்து உரிஞ்சுக்கிட்டு வருது" என்றார் டாக்டர். "முதல்ல மின்னல் மாதிரி, கொசு மாதிரி ஏதாவது தெரிஞ்சிருக்குமே. எப்ப இருந்து?"

வேர்க்காரி வாயைத் திறந்தாள். டியூப் லைட், லென்ஸ், பல்பு, பாவம் ஒரு மனிதர் கொட்டிய பானை பானையான அகார், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. "நேத்து" என்றாள். "நேத்து சாயங்காலத்துல இருந்து."

தோளில் இருந்த கை இறுகியது.

"பொய் டாக்டர்" என்றாள் அக்கா. அறிவிப்புக் குரல் இல்லை, தங்கை இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல். "நானும் இப்படி ஒரு நாற்காலியில உக்காந்து நேத்துன்னுதான் சொன்னேன்."

"உனக்கு ஒரே ராத்திரியிலதானேக்கா..."

"ஒரே ராத்திரி இல்லடி. ஜன்னல் கண்ணாடில கறைன்னு மாசக்கணக்குல துடைச்சிட்டிருந்தேன். பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா போச்சுன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க." அக்கா நிறுத்தினாள். "நீ பஸ் ஸ்டாப்புல அன்னைக்குத் திரும்பிப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுது. கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு கேக்கல."

வேர்க்காரிக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த ஒரு பொய்யைத்தானே அவள் அத்தனை நாளும் கைத்தடி போல ஊன்றிக்கொண்டு நின்றாள்? அக்கா உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் மின்னலிலேயே வந்திருப்பாளே! கத்தத்தான் நினைத்தாள். ஆனால் தன் வாயிலிருந்து 'நேத்து' என்று வந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆத்திரம் போன இடம் தெரியவில்லை, பயம் மட்டும் அப்படியே இருந்தது.

"ரொம்ப நாளாச்சு டாக்டர்" என்றாள். "ரொம்ப நாளா தெரியும்."

டாக்டர் தலையாட்டினார். திட்டவில்லை. "நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. நூலிழைதான். அது உரிஞ்சா அப்புறம் நான் எதுவும் சொல்ல முடியாது. இன்னைக்கே ஆபரேஷன். தலையை ஆட்டாம மெதுவா நடந்து மாடிக்குப் போங்க. வலது ஓரம் எவ்வளவு திரும்பி வரும்னு இப்ப கேக்காதீங்க."

அவள் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தாள்.

மாடிக்குப் போகும் நடை நீளமாக இருந்தது. பழக்கம் காரணமாக அவள் அக்காவின் இடப்பக்கம் போய் நின்றுகொண்டாள். இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள். எதிரே வருகிறவர்கள், சுவர், தள்ளுவண்டி, எல்லாம் தெரிந்தன. அக்கா இருந்த பக்கத்தில் சாம்பல் திரை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டி. நீ?"

அந்தப் பக்கம் அக்காவுக்கு உலகம் கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் போதும், ஆனால் தலையை ஆட்டக் கூடாது. கையை நீட்டித் துழாவினாள். அக்காவின் கையும் துழாவிக்கொண்டுதான் இருந்தது.